கடலோர வீட்டில் விளையாட்டு விரிப்பு: தேர்வு முதல் பராமரிப்பு வரை

செஸ், சீட்டு, தாயம், பலகை விளையாட்டுகள் போன்றவற்றை விரித்து ஆடவும், ஆடி முடித்ததும் சுருட்டி வைக்கவும் உதவும் விரிப்புகள் இப்போது பல விதமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் படத்தின் அழகையும் தடிமனையும் சுற்றியே இருக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு அது போதாது. இங்கே ஒரு விரிப்பு தேய்ந்து கிழிந்து வீணாவதைவிட, உப்புப் பிடித்து, ஈரம் ஊறி, பூஞ்சணம் பூத்து வீணாவதே அதிகம். ஆகவே, எது கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், எதைத் துடைத்து அன்றைக்கே உலர்த்தி எடுத்துவைக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

காரணம் உப்பின் இயல்பில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடற்காற்றில் வந்து படிந்த உப்பும், கை வியர்வையின் உப்பும், உவர் நீரில் துடைத்ததால் தங்கிய உப்பும் ஒரு துணியில் சேர்ந்துவிட்டால், அந்தத் துணி பகலில் காய்ந்தாலும் இரவில் மறுபடி நசநசக்கும். சமையலறையில் உப்பு ஜாடிக்குள் நடப்பதுதான் விரிப்புக்குள்ளும் நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

எந்த விளையாட்டு, எந்த இடம்

வாங்குவதற்கு முன் எந்த விளையாட்டை அடிக்கடி ஆடுகிறீர்கள், எங்கே உட்கார்ந்து ஆடுகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பல வீடுகளில் மேசை என்பது சாப்பாட்டு மேசைதான். விளையாட்டு நடப்பது கூடத்துத் தரையிலோ திண்ணையிலோதான். தரையில் விரிப்பதற்கு அடிப்பக்கம் ரப்பர் உள்ள, சற்றுக் கனமான விரிப்பு வேண்டும். மேசைக்கு மெல்லியதே போதும்.

திறந்த திண்ணையில் ஆடுபவர்கள் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு திண்ணையில் ஒரு நொடிகூட நிற்காது. கனமான விரிப்பு நின்றாலும் சீட்டு நிற்காது என்பதால், ஆடி மாதத்தில் சீட்டாட்டத்தை உள்ளே வைத்துக்கொள்வதே நல்லது.

அளவைக் கணக்கிடுதல்

செஸ் விரிப்பில் கட்டத்தின் அளவுதான் முக்கியம். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, கட்டத்தின் ஒரு பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர் வரையும், ராஜாவின் உயரம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது. கடைகளில் கிடைக்கும் 20 அங்குலச் சதுர விரிப்பில் ஒரு கட்டம் 2.25 அங்குலம், அதாவது 5.7 சென்டிமீட்டர் இருக்கும். பள்ளிப் போட்டிகளுக்குப் பழகும் பிள்ளைகளுக்கு இதையே வாங்கிக் கொடுக்க வேண்டும். சிறிய கட்டத்தில் பழகிய கண் பெரிய பலகையின் முன் உட்காரும்போது தடுமாறும்.

ஒருவர் தம் முன்னால் விரித்துக்கொள்ளும் சீட்டு விரிப்பின் வழக்கமான அளவு 24 அங்குலத்துக்கு 14 அங்குலம். நான்கு பேர் சேர்ந்து ரம்மி ஆடுவதற்கு அது போதாது. மூன்றடிச் சதுரம் வேண்டும். தாயத்துக்குக் கணக்கு வேறு. ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு 2 அங்குலம் கொடுத்தால் கட்டங்களுக்கு மட்டும் 14 அங்குலம் ஆகும். சுற்றிலும் 5 அங்குலம் விட்டால் மொத்தம் 24 அங்குலச் சதுரம். அந்த ஓரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் பித்தளைத் தாயக்கட்டை உருள இடம் இல்லாவிட்டால் அது காய்களின் மேல் விழுந்து சண்டை மூட்டும். ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கதை விளையாட்டுகளுக்கு 1 அங்குலக் கட்டம் போட்ட விரிப்பு வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு கட்டம் 5 அடித் தூரத்தைக் குறிக்கும்.

மேசையை அளக்கும்போது மேசையின் முழு அளவுக்கு விரிப்பு வாங்காமல், நான்கு பக்கமும் ஒரு சாண் குறைவாக வாங்குவது நல்லது. காப்பித் தம்ளரும் முறுக்குத் தட்டும் வைக்க அந்த இடம் வேண்டும். விரிப்பின் மேல் அவற்றை வைப்பதில்லை என்பதை வீட்டில் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பொருளில் வாங்குவது

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேலே பாலியஸ்டர் துணியும் கீழே நுரை ரப்பரும் ஒட்டிய வகை. இதை நியோபிரீன் விரிப்பு என்று சொல்லி விற்பார்கள். உள்ளே இருப்பது வேறு வகை ரப்பராகவும் இருக்கலாம், பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். சாயம் சூட்டில் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கும் முறையில் அச்சிடப்படுவதால் படம் உரிந்து வராது. சீட்டை நகத்தால் கிள்ளி எடுக்கத் தேவையில்லாமல், விரலால் லேசாக அழுத்தினாலே அது எழும்பும். பகடை விழும் சத்தமும் கேட்காது. கையாள்வதற்கு இதைவிட இனிமையான விரிப்பு இல்லை. ஆனால் நம் கரையில் இதற்கு ஒரு குறை உண்டு: துணிப் பரப்பு உப்பையும் எண்ணெயையும் உறிஞ்சும், நுரை ரப்பர் மெதுவாகத்தான் உலரும். தவறாமல் பராமரிப்பவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

இந்த வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ உள்ள கணினிக் கடையில் பெரிய மவுஸ் பேட் என்று கேட்டால், 90 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவில், இதே துணியும் ரப்பருமாகத் தருவார்கள். விளையாட்டு விரிப்பு என்ற பெயரில் வருவதைவிட அது பெரும்பாலும் மலிவு. இருவர் சீட்டாட அதுவே தாராளம். வெற்றுக் கறுப்பு நிறத்தைத் தவிர்த்துச் சாம்பல் நிறமாக எடுங்கள். கறுப்பில் உப்புப் பூத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

இரண்டாவது, வினைல் விரிப்பு. செஸ் போட்டிகளில் மேசைதோறும் விரித்திருக்கும் பச்சை வெள்ளை விரிப்பு இதுதான். நீரை உறிஞ்சாது, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் உப்பு போய்விடும், கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் கடலோரத்தில் இருந்தால் என் பரிந்துரை இதுவே. இதன் குறை வெயிலில் தெரியும். வினைலை மென்மையாக வைத்திருக்க அதில் கலந்துள்ள மென்மையூட்டி எண்ணெய் சூட்டில் மெல்ல வெளியே கசியும். மேசையின் வார்னிஷிலும் சில வகைப் பிளாஸ்டிக் காய்களிலும் அது இறங்கி, இரண்டையும் பசை போட்டதுபோல ஒட்டவைத்துவிடும். ஆகவே வார்னிஷ் அடித்த மேசையில் வினைலை விரித்தபடியே வாரக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது, காய்களையும் அதற்குள் வைத்துச் சுருட்டக் கூடாது.

மூன்றாவது, உள்ளூரிலேயே அச்சிட்டுக்கொள்ளும் பிளெக்ஸ். திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கும் கடைகளில் சதுர அடிக் கணக்கில் விலை வாங்கிக்கொண்டு, நீங்கள் கொடுக்கும் படத்தை அச்சிட்டுத் தருவார்கள். தாயக் கட்டம், பரமபதம், ஆடு புலி ஆட்டம் போன்றவற்றை வேண்டிய அளவில் அடித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. கடைக்காரரிடம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: பளபளப்பில்லாத மேற்பரப்பு வேண்டும், கனமான துணி வேண்டும், மடிக்காமல் சுருட்டியே தர வேண்டும். பளபளப்பான பிளெக்ஸில் குழல் விளக்கு பிரதிபலித்துக் கண் கூசும். மடித்துத் தந்தால் அந்த மடிப்பில் மை வெடித்துவிடும். புதிய பிளெக்ஸில் மையின் நெடி இருக்கும் என்பதால் மூன்று நான்கு நாள் நிழலில் தொங்கவிட்ட பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

நான்காவது, வெல்வெட், இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் போன்ற வெறும் துணி. மலிவாக இருக்கிறது என்பதற்காக இதை வாங்க வேண்டாம். மணல் ஏறினால் இறங்காது, துவைத்தால் சுருங்கும், ஐப்பசியில் நாற்றம் எடுக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

நேரில் வாங்கும்போது விரிப்பை முழுவதும் விரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். கட்டக் கோடுகள் ஓரத்துக்கு இணையாக ஓடுகின்றனவா, நான்கு மூலைகளும் தரையில் படிகின்றனவா என்பதைப் பார்த்த பிறகு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரமாகப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள்; துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பு வேண்டாம். ரப்பர் வகையில் ஓரத் தையலைக் கவனிக்க வேண்டும். தைக்காத ஓரம் பார்க்க நேர்த்தியாக இருந்தாலும், அந்த வெட்டு விளிம்பின் வழியாகத்தான் ஈரம் உள்ளே போய்த் துணியையும் ரப்பரையும் பிரிக்கும். ஓரத்தை விரலால் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால், ஏற்கெனவே பிரியத் தொடங்கிய விரிப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இணையத்தில் வாங்குவதானால், படத்தைவிட அளவையும் தடிமனையும் ஓரத் தையலையும் எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உங்கள் ஊர்ப் பின்கோடுக்கு உண்டா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த முதல் சில நாள்

அஞ்சலில் வரும் விரிப்பு அட்டைக் குழாயில் சுருண்டு வரும். அந்த அட்டைக் குழாயைச் சேமித்து வைக்க வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும், கரையானையும் அழைக்கும். விரிப்பை எடுத்து, வந்த சுருளுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு முறை தளர்வாகச் சுருட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு துடைத்த சிமென்ட் தரையில் விரித்து, நான்கு மூலைகளிலும் புத்தகக் கட்டை ஏற்றி இரவு முழுவதும் விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். பனையோலைப் பாயின் மேல் விரித்துப் பாரம் ஏற்றக் கூடாது. வினைலாக இருந்தால் பாயின் பின்னல் அப்படியே அதில் பதிந்துவிடும்.

படியாத மூலைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தேடுபவர்கள் உண்டு. அது கூடவே கூடாது. வினைல் உருகும், ரப்பர் விரிப்பில் பசை விட்டுப்போகும். வினைலுக்குக் காலை வெயிலில் பத்து நிமிடம் காட்டினாலே போதும். அது இளகியதும் உள்ளே கொண்டுவந்து பாரம் ஏற்றி ஆறவிட வேண்டும்.

ஆடும்போது

ஆட உட்காரும் முன் எல்லோரும் சோப்பால் கைகழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் பாதிப் பராமரிப்பு முடிந்துவிட்டது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையும், மீன் வறுவல் சாப்பிட்ட கையும் விரிப்பில் முதலில் விடுவது எண்ணெய். அந்த எண்ணெயில்தான் பிறகு தூசியும் மணலும் ஒட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டிலிருப்பதால் பல ஊர்களில் ஆட்டம் களைகட்டும். அதே மாதங்களில்தான் வியர்வையும் அதிகம். முழங்கை ஊன்றும் இடத்தில் ஒரு பருத்தித் துண்டை நீளவாக்கில் போட்டுக்கொண்டால் வியர்வை விரிப்பில் இறங்காது.

மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது வினைலையும் பிளாஸ்டிக்கையும்விடப் பல மடங்கு கடினமானது. விரிப்பில் மணல் இருக்கும்போது கையால் தள்ளினாலும் துணியால் தேய்த்தாலும் கீறல் விழும். முதலில் இருவர் பிடித்து உதற வேண்டும், பிறகு வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஈரத் துணி. கேரம் ஆடிய மேசையிலேயே இந்த விரிப்பையும் விரிப்பவர்கள் போரிக் பவுடரை முழுவதும் துடைத்துவிட்டு விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டுகள் தாமாகவே வழுக்கி ஓடும்.

துடைப்பதும் கழுவுவதும்

எந்த நீரால் துடைக்கிறோம் என்பதே இங்கே முதல் கேள்வி. மாவட்டத்தின் கடலோரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. அந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தால், அழுக்கு போகிறதோ இல்லையோ, உலர்ந்த பிறகு விளிம்பு விளிம்பாக வெண்படலம் தெரியும். அது முழுவதும் நாமே கொண்டுவந்து சேர்த்த உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர், பிடித்துவைத்த மழைநீர், கேனில் வாங்கும் குடிநீர் ஆகியவற்றில் எது கைவசம் இருக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம். வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து குழாய் வழியாகச் சொட்டும் நீரைப் பிடித்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு, இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு விரிப்புக்கு அரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது.

அன்றாடத் துடைப்புக்கு, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோபைபர் துணி அல்லது பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். வினைலையும் பிளெக்ஸையும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் ஒரு முறை துடைத்துவிட வேண்டும். அடியில் ரப்பர் ஒட்டிய துணி விரிப்பை ஒவ்வொரு முறையும் நனைக்க வேண்டாம். தூரிகையால் தட்டி, மின்விசிறியின் கீழ் சற்று நேரம் விட்டால் போதும்.

துணி விரிப்பை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுதாகக் கழுவலாம். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சிறு கரண்டியை அரை வாளி நல்ல நீரில் கலந்து, விரிப்பைக் குளியலறைத் தரையில் தட்டையாகப் பரப்பி, மெல்லிய பஞ்சால் வட்டமாகத் தடவுங்கள். பிறகு நுரை முழுவதும் போகும்வரை நல்ல நீரை ஊற்றி அலச வேண்டும், ஏனென்றால் தங்கிப்போன சோப்பும் உப்பைப் போலவே ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது. சலவை இயந்திரத்திலும் போடக் கூடாது. விரிப்பை ஒரு பெரிய துண்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் முழங்காலால் ஊன்றி அழுத்தினால் பெரும்பகுதி நீர் துண்டுக்கு மாறிவிடும். பிறகு இரண்டு நாற்காலி முதுகுகளின் மேல், கீழே காற்று போகும்படி தட்டையாகக் கிடத்தி, மின்விசிறியில் ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். துணிப்பக்கம் உலர்ந்ததும் எடுத்து வைத்துவிடுபவர்கள் ரப்பர்ப் பக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

மொட்டை மாடியில் கொடியில் போட்டு உலர்த்தலாமா என்றால், இந்தக் கரையில் அது நல்லதன்று. உச்சி வெயில் ரப்பரை இறுகவைத்துப் பொடிப்பொடியாக உதிரச் செய்யும், கடற்காற்றோ அப்போதுதான் அலசி எடுத்த உப்பைத் திரும்பக் கொண்டுவந்து படியவைக்கும்.

கறைகளில் மஞ்சள் கறை தனி வகை. குழம்போ சுண்டலோ சிந்தி மஞ்சள் பட்ட இடத்தில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தால் கறை திடீரென்று செக்கச்செவேலென்று மாறும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும் தன்மையுடையது. பதற வேண்டாம், நல்ல நீரில் அலசினால் மீண்டும் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைப் போக்குவது சோப்பன்று, வெளிச்சம். பாத்திரத் திரவத்தால் எண்ணெயை மட்டும் நீக்கிவிட்டு, கறை உள்ள இடத்தைத் தவிர மற்ற பகுதியை வெள்ளைத் துணியால் மூடி, காலை எட்டு மணி வெயில் படும் ஜன்னலோரத்தில் தினமும் சிறிது நேரம் வைத்தால், சில நாளில் கறை வெளுத்துவிடும். டீக் கறைக்கும் குளிர்பானக் கறைக்கும் இந்த வேலை இல்லை. சிந்திய உடனே ஒற்றி எடுத்து நல்ல நீரில் துடைத்தால் போய்விடும். தேய்க்காமல் ஒற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடர், கழிவறைத் திரவம், பெட்ரோல், தின்னர் ஆகியவை எந்த வகை விரிப்புக்கும் ஆகாது. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் பிளெக்ஸின் அச்சு மையைக் கரைக்கக்கூடும் என்பதால், கையில் பூசிய சானிடைசர் உலர்வதற்கு முன் அதைத் தொடவும் கூடாது.

எழுதி அழிக்கும் விரிப்புகள்

கதை விளையாட்டுகளுக்கான வினைல் விரிப்பில் வழி, சுவர், அறை என்று வரைந்து அழிப்பது உண்டு. இவற்றுக்குத் தண்ணீரில் அழியும் மார்க்கர்தான் ஏற்றது. பள்ளிகளில் பயன்படும் ஒயிட்போர்டு மார்க்கர் தண்ணீரில் அழியும் வகையைச் சேர்ந்ததன்று; அதற்கெனப் பூச்சு இல்லாத வினைலில் அதன் மை நுண்துளைகளில் இறங்கி, அழித்த பிறகும் நிழல்போலத் தங்கும். எந்த மார்க்கரானாலும் மூலையில் ஒரு கோடு இழுத்து, மறுநாள் ஈரத் துணியால் அழித்துப் பார்த்த பிறகே நடுவில் எழுத வேண்டும். சிவப்பு மை மற்ற நிறங்களைவிடப் பிடிவாதமாக நிற்கும். வரைந்ததை அன்றே அழித்துவிட வேண்டும். மே மாதச் சூட்டில் ஒரு வாரம் அப்படியே விட்டால் மையும் வினைலும் ஒன்றாகிவிடும்.

யாராவது தெரியாமல் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அந்தக் கோட்டின் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, உலர்வதற்கு முன் துடைத்துப் பாருங்கள். புதிய மையின் கரைப்பான் பழையதையும் இளக்கிக்கொண்டு வரும். முழுவதும் போகும் என்று நம்ப வேண்டாம், கண்ணை உறுத்தாத அளவுக்குப் போகும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதப் படம் பல வீடுகளில் வெறும் காகிதம்தான். அதன் மேல் கனமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டால், அதுவே துடைத்து எடுக்கக்கூடிய விரிப்பாகிவிடும்.

சுருட்டி வைத்தல்

எந்த விரிப்பையும் மடிக்கக் கூடாது. படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டினால், அடுத்த முறை விரிக்கும்போது ஓரங்கள் மேலே கிளம்பாமல் தரையோடு படியும். உள்ளே ஒரு பழைய பருத்தித் துண்டை வைத்துச் சேர்த்துச் சுருட்டினால் பரப்போடு பரப்பு ஒட்டாது, மிச்ச ஈரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் போட்டால் சில மாதத்தில் அது இளகி விரிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். இரும்புக் கிளிப் போட்டால் இன்னும் மோசம், நம் ஊர் மழைக்காலத்தில் கிளிப்பின் விளிம்பு அப்படியே துருக்கோடாகப் பதியும், அந்தக் கறை போகவே போகாது. அரை அங்குலப் பருத்தி நாடா போதுமானது.

உறைக்கு, பிளம்பிங் கடையில் கிடைக்கும் 4 அங்குல பிவிசி குழாயில் விரிப்பின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொள்ளலாம். எலியும் கரையானும் உள்ளே போக முடியாது. வினைலை அதற்குள் வைக்கும்போது துணியில் சுற்றியே வைக்க வேண்டும். குழாய்க்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவைத்து, நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று அறிந்து மாற்றிவிட வேண்டும். பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடுவது நம் வழக்கம். விளையாட்டுச் சாமான்களோடு அதைச் சேர்க்கக் கூடாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். காய்ந்த வேப்பிலையை ஒரு துணி முடிச்சாகக் கட்டிப் போடுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் கடற்கரைக்காரர்கள் சற்று யோசிக்க வேண்டும். பரணும் தகரக் கொட்டகையும் வேண்டாம், அங்கே பகல் சூடு வினைலுக்கு ஆகாது. இரும்புப் பீரோவின் அடித்தட்டும் வேண்டாம், அங்கே காற்றே போகாது. வடகடலை, அதாவது பாக் நீரிணைப் பக்கத்தை, பார்த்த வீடானால் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்று வடக்குச் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, பார்த்த வீடானால் ஆடிக் காற்று தெற்கு ஜன்னல் வழியாக உப்பையும் மணலையும் கொண்டுவரும். அந்தந்தப் பருவத்தில் கடல் பக்கச் சுவரை விட்டு விலகி, வீட்டின் நடுவிலுள்ள உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் படுக்கவைப்பதே சரியான இடம். நிறுத்திவைத்தால் சுருளின் கீழ்ப்பகுதி நசுங்கி அலை அலையாகிவிடும்.

மழைக்காலத்திலும் அதன் பிறகும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், ஆடினாலும் ஆடாவிட்டாலும் வாரம் ஒரு முறை விரிப்பை வெளியே எடுத்து மின்விசிறியில் காட்ட வேண்டும். முகர்ந்து பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். ஊறிய துணியின் வாடை அடித்தால் பூஞ்சணம் தொடங்கிவிட்டது என்று பொருள். சாம்பல் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு நல்ல நீர் கலந்து, இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நல்ல நீரால் துடைத்து முழுவதும் உலர்த்தினால் தொடக்க நிலையில் போய்விடும். உலர்ந்த பூஞ்சணத்தைத் தூரிகையால் தட்டும் வேலையை வீட்டுக்குள் செய்யக் கூடாது, அந்தப் பொடி மூச்சில் ஏறும். நுரை ரப்பருக்குள்ளேயே இறங்கிய பூஞ்சணத்துக்கு வைத்தியம் இல்லை.

ஓரத்தில் துணி பிரிந்தால், அது ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கும்போதே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ரப்பர்ப் பசை போட்டு ஓரம் அடித்துத் தருவார். அதற்கு மேல் பிரிந்துவிட்டால் நல்ல பகுதியை மட்டும் வெட்டி, ஒரு பக்கம் மடித்துத் தைத்துப் பகடை உருட்டும் தட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். வினைலும் பிளெக்ஸும் கிழிந்தால் காய்ந்த பனையோலையோடும் குப்பையோடும் சேர்த்துக் கொளுத்திவிடும் பழக்கம் உண்டு. இரண்டுமே பிவிசி சார்ந்தவை; எரித்தால் தொண்டையையும் கண்ணையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். பிளெக்ஸ் துண்டு கோழிக்கூண்டின் மேல் மழைக்கு மறைப்பாக இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும். வினைலைத் தூய்மைப் பணியாளர்களிடம் உலர் குப்பையில் தனியாகக் கொடுத்துவிடலாம்.